குழுவில் பேசியதும் தாளில் எழுதியதும்

தருமபுரியில் உள்ள ஒரு பி.எட். கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஒரே எழுத்துப்பிழை ஒன்பது ஒப்படைப்புகளில் அதே வரியில் வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்கூட வற்றிவிட்டது. யாரோ ஒருவர் இணையத்திலிருந்து எடுக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதுகிறார்கள். நாங்களும் உள்மதிப்பீட்டு மதிப்பெண் போட்டுக் கட்டி வைக்கிறோம். குழு விவாதம் என்றாலோ, வேலைக்கான தேர்வில் ஆளை வடிகட்டும் ஒரு சுற்று என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். விவாதத்தையும் கட்டுரையையும் தனித்தனியே நடத்தும்வரை இரண்டும் சடங்காகவே இருக்கும் என்பதும், ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றி நடத்தினால்தான் மாணவர் தம் எண்ணத்தைத் தாமே திரும்பிப் பார்ப்பார் என்பதும் என் கருத்து.

சென்ற பருவத்தில் நான் கொடுத்த தலைப்பு 'நம் ஊர்க் குடிநீரும் புளோரைடும்'. இந்த மாவட்டத்தில் அதற்கு முன்னுரை தேவையில்லை. பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து புளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது; லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும். என் வகுப்பிலும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பவர்கள் உண்டு.

ஆறு ஆறு பேராக உட்கார வைத்தேன். ஒரு குழுவில் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர், தம் வீட்டில் எப்போதும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பதாகவும், ஆகவே பயமில்லை என்றும் சொன்னார். கிருமி சாகும், உப்பு எங்கே போகும் என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியருக்கு அதுதான் கடினம். மறுநாள் வேதியியல் படித்த மாணவர் ஒருவர் விளக்கினார்: கொதிக்கும்போது ஆவியாகிக் குறைவது நீர் மட்டுமே, புளோரைடு அப்படியே தங்கிவிடுவதால் மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அந்த மாணவி எழுதிக் கொடுத்த கட்டுரையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொதிக்க வைத்தால் போதும் என்று தாம் ஏன் நம்பினார், அந்த நம்பிக்கை யாரிடமிருந்து வந்தது, அது எந்த நோய்க்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதற்கு மேலும் போனார். காவிரி நீரை எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013-இல். நிலைப் பற்களின் எனாமல் உருவாகும் சிறுவயதில் குடிக்கும் நீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்தத் திட்டம் வந்த பிறகு பிறந்த தம் தம்பியின் பல் வெள்ளையாகவும் தம் பல் இப்படியும் இருக்கின்றன என்று எழுதி, இது தம் வீட்டு அளவிலான கவனிப்பு மட்டுமே, இதைக் கொண்டு மாவட்டம் முழுமைக்கும் முடிவு சொல்ல முடியாது என்றும் சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரியைத்தான் நான் கல்விசார் எழுத்து என்பேன். சான்று எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரம் மட்டும் போய் நிற்கும் கட்டுப்பாடு பேச்சில் வருவதில்லை; எழுத உட்காரும்போதுதான் வருகிறது.

சிந்தனை குழப்பத்தில்தான் தொடங்குகிறது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-இல் எழுதியதை எங்கள் பாடத்திட்டம் மனப்பாடம் செய்ய வைக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமானது நன்னூலின் கணக்கு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை. பவணந்தியார் இந்தப் பகுப்பைச் செய்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. நாமோ அந்தக் கால் பங்குக்கே முழு நேரத்தையும் செலவிடுகிறோம்.

விவாதத்தைப் புனிதமாக்கிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. உரக்கப் பேசுபவர் வகுப்பைக் கைப்பற்றிக்கொள்வதும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்பிள்ளைகள் கடைசி வரிசையில் தலையாட்டுவதோடு நின்றுவிடுவதும் என் வகுப்பிலேயே நடந்தன. அதற்கு நான் கண்ட வழி, பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் தம் கருத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட வேண்டும் என்பது. கையில் எழுதியது இருந்தால் கூச்சப்படுபவரும் அதைப் படித்துக் காட்டுவார். பிறகு தம் கருத்து மாறியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தத் தாள் இருக்கும்.

இப்படியே போனால் போர்ஷன் எப்போது முடியும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஒரு தலைப்புக்கு எனக்கு நான்கு வகுப்புகள் ஆயின, இரண்டு பாடங்களைக் கடைசியில் அவசரமாக ஓட்டினேன். ஆனாலும் இந்தப் பருவத்தில் பத்து மதிப்பெண்ணில் மூன்றை, 'முன்பு என்ன நினைத்தேன், எது அதை மாற்றியது அல்லது ஏன் மாறவில்லை' என்ற பக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். தலைப்பு, பாலக்கோட்டுத் தக்காளியின் விலை. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் தக்காளித் தோட்டம் இருக்கிறது. துண்டுத் தாள்களை வரும் திங்களன்று வாங்குகிறேன்.