குடிலுக்கு மானியம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு?

போன வாரம் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாலிஹவுஸுக்கு, அதாவது பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடிலுக்குப் போயிருந்தேன். அரை ஏக்கர் குடைமிளகாய். "செடி மத்தியானம் தலை சாயுது, சாயங்காலம் நிமிர்ந்துக்குது மேடம். தண்ணி பத்தலையோன்னு கூட விட்டேன். மருந்தும் மூணு தடவை அடிச்சாச்சு" என்றார் அந்த அண்ணன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். காய் பிடித்த செடி, அவருக்கு மனசே இல்லை. அப்புறம் சரி என்றார்.

மண்ணை உதறிக் காட்டினேன். நூலில் கேழ்வரகைக் கோத்த மாதிரி வேர் முழுக்க முடிச்சு. ஒரு முடிச்சை நகத்தால் கீறி லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே முத்துபோல வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் வேரில் முடிச்சுப் போடவைக்கும் பெண் நூற்புழு. ஒரு புழு சில நூறு முட்டைகள் இடும். சூடான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட வேண்டாம். அவர் ரொம்ப நேரம் அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா எத்தனையோ பேரு வந்து போனாங்க. யாரும் வேரைப் பார்க்கலைங்க" என்றார்.

அந்த வார்த்தை ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு ஏக்கர் பாலிஹவுஸ் கட்ட இன்றைக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. அரசு நிர்ணயித்த விலையில் பாதி மானியமாக வரும். மீதிக்கு வங்கிக் கடன், இல்லையென்றால் வீட்டு நகை. இவர் விஷயத்தில் இரண்டும்தான். கட்டும்போது பைப் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். 200 மைக்ரான் ஷீட் மாட்டுகிறவர்கள் வந்தார்கள். அளந்து பார்க்க, போட்டோ எடுக்க, கடனுக்குக் கையெழுத்து வாங்க என்று ஒவ்வொருவராக வந்தார்கள். செடி நட்ட பிறகு வந்தது மருந்துக் கடைக்காரர் மட்டும்தான். அவரைக் குறை சொல்லமாட்டேன், கூப்பிட்ட குரலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தானே.

நான் சொல்ல வருவது இதுதான். இரும்புக்கும் பாலித்தீனுக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கையாவது, உள்ளே நிற்கிற செடியைப் பார்க்கத் தெரிந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நான்கு வருடம் தோட்டக்கலை படித்துவிட்டு வேறு எங்கெங்கோ வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னோடு படித்தவர்களில் இன்று செடியோடு இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருத்தி வங்கியில் வேளாண் கள அதிகாரி. ஒருவன் பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை, மாதம் முழுக்க பைக்கில்தான் வாழ்க்கை. இரண்டு பேர் டிஎன்பிஎஸ்சி தோட்டக்கலை அலுவலர் தேர்வுக்கு வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஆராய்ச்சிக்காக வெளிநாடு போய் அங்கேயே இருந்துவிட்டான். யாரும் சோம்பேறிகள் இல்லை. பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் இடம் கிடைக்கவே பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் வேண்டும் என்று பெற்றோர்களுக்குத் தெரியும். படித்த படிப்புக்குள்ளேயே வேலை பார்க்கலாம் என்றால், கிடைப்பது சூப்பர்வைசர் வேலை. நான் 2014-இல் சேர்ந்தபோது மாதம் 12,000 ரூபாய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு. வீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் "இதுக்கா நாலு வருஷம்?" என்று கேட்டாள்.

அந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்ததைக் கல்லூரி கற்றுக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஓசூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணை. சொட்டுநீரில் உரம் விட இரண்டு டேங்க் வைத்திருப்பார்கள், ஏ, பி என்று. கால்சியம் நைட்ரேட் ஏ-யில். சல்பேட்டும் பாஸ்பேட்டும் பி-யில். அடர்த்தியாகக் கரைத்த நிலையில் இரண்டையும் சேர்த்தால் கால்சியமும் சல்பேட்டும் பிடித்துக்கொண்டு ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். பரீட்சையில் இதற்கு நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் பி டேங்க்கில் வால்வு உடைந்துபோனது. மேலாளர் போனில் "இன்னிக்கு ஒண்ணுலயே விட்ருங்க" என்றார். சேர்ந்து இரண்டே மாதம். சரி என்று சொல்லிவிட்டேன். உரம் கலக்குகிற அக்கா கையில் வாளியோடு நின்றார். "வேணாம்மா, சுண்ணாம்பு மாதிரி தேங்கிடும்" என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் கேட்கவில்லை.

மறுநாள் டேங்க் அடியில் வெள்ளைச் சேறு. பாதி வரிசைகளில் சொட்டுவான் அடைத்துவிட்டது. மூன்று நாள் ஆறு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அமிலத் தண்ணீரில் கழுவினோம். அந்த அக்கா அதற்கப்புறமும் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அன்றிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் உரம் கலக்குகிறவரிடம்தான் பேசுகிறேன்.

நெதர்லாந்தில் இந்த வேலைக்கென்று ஒரு பெயரே உண்டு, 'தேலர்' என்பார்கள். குடிலுக்குள் பயிர் வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். காலையில் செடியின் நுனியைப் பார்த்து நேற்று ராத்திரி சூடு அதிகமா குறைவா என்று சொல்வார். தக்காளியில் சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் எடுக்கிறார்கள் என்று நாம் வாய்பிளக்கிறோம். கண்ணாடியும் கம்ப்யூட்டரும் மட்டும் அதைக் கொடுத்துவிடவில்லை. 2018-இல் வாகனிங்கன் பல்கலைக்கழகம் ஒரு போட்டி வைத்தது. ஐந்து அணிகள், செயற்கை நுண்ணறிவை வைத்துத் தொலைவில் இருந்தபடியே வெள்ளரி வளர்க்க வேண்டும். ஜெயித்த அணியில் மைக்ரோசாஃப்ட் ஆட்களோடு தோட்டக்கலை ஆராய்ச்சி செய்தவர்களும் இருந்தார்கள். ஏஐ வந்துவிட்டால் உங்கள் படிப்பு எதற்கு என்று கேட்கிற தம்பி தங்கைகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். செடிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்தான் மெஷினுக்கும் சொல்லித்தர முடியும்.

இனி ஆராய்ச்சி. பல நாளாக ஆதங்கம் எனக்கு.

குடில் என்பதே குளிர் தேசத்தில் பிறந்தது. வெளியே பனி, உள்ளே கதகதப்பு, அதுதான் அதன் வேலை. நமக்கு வேண்டியது நேர் எதிர். ஓசூரும் தளியும் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, கோத்தகிரி அதைவிட மேலே. அங்கெல்லாம் பாலிஹவுஸ் சரிவரும். அதே குடிலைத் திருவண்ணாமலையிலோ விருதுநகரிலோ கட்டினால் ஏப்ரல் மத்தியானம் உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிடும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. குடைமிளகாய் பூவை உதிர்க்கிறது. விசிறியும் ஈரத்தட்டியும் வைத்துக் குளிர்விக்கலாம் என்பார்கள். காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். கடலூர், சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கரண்ட் பில் ஏறுமே தவிர சூடு பெரிதாக இறங்காது. நம் சமவெளியில் பாதி ஊர்களுக்கு நல்ல நிழல்வலைக் குடிலே போதும் என்பது என் கருத்து. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை சதவீத நிழல், கூரை எவ்வளவு உயரம், எந்த மாதம் எந்தப் பயிர் என்று ஊர் ஊராகச் சோதித்து எழுதிவைத்த விவரம் விவசாயி கையில் இல்லை. முதுகலை ஆய்வுக்கு வருகிற மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! நாங்களோ மூன்று இடைவெளி, மூன்று உர அளவு என்று போட்டு, அட்டவணை தயாரித்து, பைண்டு பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். என் ஆய்வும் அப்படித்தான் இருந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் மலைபோலத் தென்னை நார்க்கழிவு குவிந்திருக்கும். அதை உப்புப் போகக் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றி, கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். ஐரோப்பியக் குடில்களில் ஸ்ட்ராபெர்ரி அதில் வளர்கிறது. நம் குடில்களில் பெரும்பாலும் இன்னும் மண்தான். ஒரே மண்ணில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். மழை படாது, வெயில் நேராகப் படாது, தரிசும் கிடையாது. சொட்டுநீரில் எப்போதும் ஈரம். நூற்புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படியென்றால் எல்லோரும் நார்க்கழிவுப் பைக்கு மாறவேண்டியதுதானே என்று கேட்கலாம். மாறலாம். ஆனால் பை பிடித்து வைக்கிற தண்ணீர் கொஞ்சம். கோடையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் செடி துவண்டுவிடும். வெளியேறும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தினமும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறோம், தெரிந்த ஆள் வேண்டும்.

நம் ஊரிலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சுண்டைக்காய்ச் செடியின் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுவது ஒரு உதாரணம். சுண்டைக்காய் வேர் நூற்புழுவையும் வாடல் நோயையும் தாங்கும், செடி நீண்ட நாள் காய்க்கும். கிராமத்தில் வேலியோரம் தானாக முளைக்கிற செடி! இன்று குழித்தட்டில் அந்த ஒட்டு நாற்றை விவசாயிகள் முன்பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

இன்னொன்று, 2004-05-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம். மூன்று வருடத்தில் 400 ஹெக்டேர். சொட்டுநீர், நீரில் கரையும் உரம், குழித்தட்டு நாற்று எல்லாம் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழகியது அதில்தான். நான் வேலைக்கு வந்தபோது பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். "பைப்பு கொடுத்தாங்க" என்று யாரும் ஆரம்பிக்கமாட்டார்கள். "தோட்டத்துக்கே வந்து நின்னு சொல்லிக் கொடுத்தாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தளியில் மலர்களுக்கும் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிகளுக்கும் இஸ்ரேல் உதவியோடு மகத்துவ மையங்கள் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நல்ல நாற்று கிடைக்கும். ஆனால் செடி வாடுகிற அன்றைக்கு, அந்தத் தோட்டத்துக்குள் வந்து வேரைப் பிடுங்கிப் பார்க்க ஒருவர் வேண்டுமே.

பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் பத்து ஏக்கர் பாலிஹவுஸுக்கு ஒரு தோட்டக்கலைப் பட்டதாரி. முதல் இரண்டு வருடச் சம்பளம் மானியத்தில் இருந்து, அப்புறம் விவசாயிகளே பகிர்ந்துகொள்ளட்டும். கட்டுமானச் செலவே நான்கு கோடியைத் தொடுகிற பத்து ஏக்கரில், மாதம் 30,000 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஒரு போகம் நூற்புழுவிலிருந்து தப்பினாலே அந்தக் காசு வந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கும் படித்த வேலை, சொந்த மாவட்டத்திலேயே.

பெண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். குடிலுக்குள் செடி கட்டுவது, பக்கக் கிளை கிள்ளுவது, பூ அறுப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெண்கள்தான். ஆனால் மேலாளர் வேலைக்கு என்று போனால், "லேடீஸ்க்குத் தங்க இடம் இல்லையே மேடம், ராத்திரி மோட்டார் போடணுமே" என்று ஆரம்பிக்கிறார்கள். மூன்று இடங்களில் இதே பதில் எனக்குக் கிடைத்தது. ஒரு பூட்டு உள்ள அறையும் ஒரு டைமர் ஸ்விட்சும் போதும். இதற்காக ஒரு நல்ல படிப்பை வீணாக்குகிறோம்.

அந்த அண்ணனின் குடிலுக்கு வருகிறேன். இருக்கிற காயை எடுத்து முடித்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் மண்ணை நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி, குடிலையும் மூடி ஆறு வாரம் வேகவிட வேண்டும். அப்புறம் ஒரு போகம் செண்டுமல்லி. பூவும் விற்கும், புழுவும் குறையும். வேப்பம்பிண்ணாக்கில் நூற்புழுவைத் தின்கிற பூஞ்சையை வளர்த்துப் பாத்தியில் போடுவதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். "ஒரு போகம் குடைமிளகா போச்சேம்மா, பேங்க்ல என்ன சொல்றது?" என்று கேட்டார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறோம். அந்த வேரை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்திருக்கிறார், மேலாளரிடம் காட்ட.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தோட்டக்கலை கடைசி வருடம் படிக்கிறவர்கள் யாராவது இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க நினைத்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். தங்க இடமும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஆறரைக்குக் குடிலில் இருக்க வேண்டும், லென்ஸ் ஒன்று கொண்டு வாருங்கள்.