அந்த பாட்டிலை வாங்கிய அம்மாக்களைத் திட்டாதீர்கள்

பழைய அமெரிக்க விளம்பரப் படம் ஒன்று கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒரு தாய், பக்கத்தில் கொழுகொழுவென்று குழந்தை, 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்' என்று அலங்கார எழுத்து. பல் முளைக்கும் பிள்ளைகளுக்கான மருந்து அது. உள்ளே இருந்தது மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கும் கடுமையான வலி மருந்து. எனக்கு அதை அனுப்பியவர், "பெத்த பிள்ளைக்கு அபின் கொடுத்துத் தூங்க வச்சிருக்காங்க, என்ன ஜென்மங்களோ" என்று கூடவே எழுதியிருந்தார். அந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நானும் கொடுத்திருக்கிறேன்.

என் மூத்தவளுக்கு அப்போது இரண்டு மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீறிட ஆரம்பித்தால் இரவு பதினொன்று வரை ஓயமாட்டாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சே நின்றுவிடுமோ என்று பயப்படும்படி அழுவாள். தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் மரத்துப்போகும். ஒரு நாள் உறவுக்காரப் பெண் ஒருவர் சின்ன பாட்டில் ஒன்று கொண்டுவந்தார். பழுப்புக் கண்ணாடி, வெள்ளை மூடி, லேபிள் கிடையாது. "ஊர்ல ஒருத்தர்கிட்ட வாங்கினது. அரைப் பாலாடை புகட்டு, அப்புறம் பாரு" என்றார். புகட்டினேன். இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பால் கொடுக்க எழுப்பினால் எழவில்லை. பாதத்தைச் சுண்டினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். கண்ணை அரைகுறையாகத் திறந்து மறுபடியும் மூடிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாயங்காலத்துக்குள் பிள்ளை தெளிந்துவிட்டாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அதனால்தான் அந்தக் காலத்து அம்மாக்களை யாராவது திட்டினால் என்னால் பொறுக்க முடிவதில்லை. தாங்கள் என்ன கொடுக்கிறோம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா? அதை முதலில் பார்ப்போம்.

இந்த சிரப் 1849இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாங்கர் என்ற ஊரில் விற்பனைக்கு வந்தது. விற்றவர்கள் ஜெரமையா கர்ட்டிஸ், பெஞ்சமின் பெர்கின்ஸ். அனுபவம் வாய்ந்த செவிலி ஒருவர் பக்குவம் சொன்ன மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். ஒரு அவுன்ஸில், அதாவது சுமார் 30 மில்லியில், 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. கூடவே ஆல்கஹால். பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்குச் சில சொட்டு, மூன்று மாதக் குழந்தைக்கு அரை டீஸ்பூன், ஆறு மாதத்துக்கு மேல் ஒரு முழு டீஸ்பூன், அதுவும் நாளைக்கு மூன்று நான்கு வேளை என்று கொடுக்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூனில் 8 முதல் 11 மில்லிகிராம் வரை மார்ஃபின் போகும். இன்று கடுமையான வலியில் துடிக்கும் பெரியவருக்கு வாய்வழியாக முதல்முறை கொடுப்பதே பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிகிராம்தான். ஆறு மாதக் குழந்தை அதைத் தாங்குமா? மூச்சு மெதுவாகும். பசி தெரியாது. அழாத குழந்தைக்குப் பால் கொடுக்க யாருக்கும் நினைவு வராது. சில பிள்ளைகள் ஒரே இரவில் போயின, சில மெலிந்து மெலிந்து போயின.

ஆனால் அந்த அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. மருந்து வேலை செய்தது. அழுத பிள்ளை தூங்கியது. போலி மருந்து என்றாலே சர்க்கரைத் தண்ணீர் என்று நினைக்கிறோம். இது சொன்ன வேலையைச் செய்ததால்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. வருஷத்துக்கு 15 லட்சம் பாட்டிலுக்கு மேல் விற்ற காலம் உண்டு.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தது 'காட்ஃப்ரேஸ் கார்டியல்'. வெல்லப்பாகு மாதிரியான சர்க்கரைப் பாகில் அபின் கலந்தது. நாட்டிங்ஹாம், மான்செஸ்டர் போன்ற ஆலை ஊர்களில் பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே பெண்கள் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. போகவில்லை என்றால் கூலி இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிழவியிடம் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவள் என்ன செய்வாள்? கடைக்குக் கடை அபின் அளவு வேறு. அதைவிடக் கொடுமை, பாட்டில் சும்மா நின்றால் அபின் அடியில் தங்கிவிடும். மேலாக இருக்கும்போது ஒன்றும் செய்யாத மருந்து, அடிப்பாட்டிலுக்கு வரும்போது ஆளைக் கொல்லும். நேற்றைக்குக் கொடுத்த அதே அளவைத்தானே இன்றைக்கும் கொடுத்தோம் என்று அந்தத் தாய் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்!

இவற்றை 'பேடன்ட் மருந்து' என்றார்கள். பேடன்ட் என்றால் ஒரு கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் கொடுக்கும் தனி உரிமை. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேடன்ட் கிடையாது. பேடன்ட் வாங்கவேண்டும் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் அவர்கள் செய்யமாட்டார்கள். பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். பிரிட்டனில் இந்த பாட்டில்கள்மேல் வரி வில்லை ஒட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. அரசாங்க முத்திரை இருக்கிறதே, அப்படியென்றால் நல்ல மருந்துதான் என்று ஜனங்கள் நம்பினார்கள். விஷப் பொருட்களை விற்கக் கட்டுப்பாடு கொண்டுவந்த 1868ஆம் ஆண்டுச் சட்டமும் பேடன்ட் மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. வரி வந்துகொண்டிருந்தது, யாருக்கு என்ன?

பத்திரிகைகள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இந்தக் கம்பெனிகள் பெரிய விளம்பரதாரர்கள். அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: அந்த மாநிலத்தில் மருந்துக் கம்பெனிகளுக்கு எதிராக ஏதாவது சட்டம் வந்தால் விளம்பரம் ரத்து. மாஸசூஸெட்ஸ் சட்டசபையில் லேபிளில் உள்ளடக்கம் எழுதவேண்டும் என்று ஒரு மசோதா வந்து விவாதமும் நடந்தது. அந்த மாநிலத்தின் பத்திரிகைகள் பெரும்பாலும் அதைப்பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. 1905இல் 'காலியர்ஸ்' வார இதழ்தான் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கி ஒவ்வொரு மருந்தாக எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினார்.

அதே 1905இல் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. லிடியா பிங்க்ஹம் என்ற அம்மாள் மாஸசூஸெட்ஸில் லின் என்ற ஊரில் பெண்களின் மாதவிடாய்க் கோளாறுகளுக்கு ஒரு மூலிகைக் கஷாயம் விற்றார். அதில் 18 சதவீதத்துக்குமேல் ஆல்கஹால். அவருடைய சாந்தமான முகத்தை அச்சடித்து, "உங்கள் கஷ்டத்தை எனக்கு எழுதுங்கள்" என்று விளம்பரம் வரும். ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லமுடியாததை எல்லாம் ஆயிரக்கணக்கான பெண்கள் அவருக்கு எழுதினார்கள். பதிலும் வந்தது. 1905இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்ட் பாக் ஒரு புகைப்படம் வெளியிட்டார். லிடியா பிங்க்ஹமின் கல்லறை. அவர் இறந்தது 1883இல். இருபத்திரண்டு வருஷம், செத்துப்போன ஒருவருக்குப் பெண்கள் தங்கள் அந்தரங்கத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை யார் யார் பிரித்துப் படித்தார்களோ.

அடுத்த வருஷமே, 1906 ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்காவில் சட்டம் வந்தது. அது மார்ஃபினைத் தடை செய்யவில்லை. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கொகெய்ன் மாதிரி சில பொருட்கள் இருந்தால் லேபிளில் எழுதவேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. எழுதிய பிறகு என்ன ஆனது தெரியுமா? பின்னாளில் வின்ஸ்லோ சிரப்பில் இருந்து மார்ஃபினையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் முடியாதது இது. பாட்டிலில் அந்த வார்த்தையைப் படித்ததும் அம்மாக்கள் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று விற்பவனுக்குத் தெரியும். இதற்குமேல் அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மனசு வருமா?

நம் நாட்டில் 1954இல் மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. நீரிழிவையும் புற்றுநோயையும் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். காலையில் எழுந்து டிவியைப் போட்டுப் பாருங்கள், சட்டம் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். என் அத்தை உரைகல்லில் வசம்பும் மாசிக்காயும் உரைத்தபோது, என்ன உரைக்கிறார் என்று கண்ணாலாவது பார்த்தேன். அதுகூட வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்பேன். பார்க்கவே முடியாத ஒன்றைப் பாலாடையில் ஊற்றுவதற்கு என்ன சொல்வது?

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளுக்குப் பிரசவமாகி ஐம்பது நாள். சாயங்காலம் பையன் ஆரம்பித்தான், அதே வீறல், அதே மடக்கிய கால். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் இயற்கை மூலிகைதான்க்கா" என்றார்கள். அபினும் செடியில் இருந்து வருவதுதான் என்று சொன்னேன். மருமகள் இரண்டு கண்ணும் குழி விழுந்துபோய் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாட்டிலை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்று அவளை உள்ளே அனுப்பினேன். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். நடுவில் தங்கை கொஞ்சநேரம் வாங்கிக்கொண்டாள், அப்புறம் அவள் வீட்டுக்காரர். பதினொன்றரைக்குத் தூங்கினான்.