யார்டுக் கணக்கை வைத்து மேட்சை எடை போடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதலில் கேட்பது எந்த டீம் பந்தை எத்தனை யார்டு முன்னால் கொண்டுபோனது என்றுதான். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையே கிடையாது. 2022 ஜனவரி 10, இண்டியானாபொலிஸில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமா 399 யார்டு, ஜார்ஜியா 364. ஜெயித்தது ஜார்ஜியா, 33-18.

அலபாமா பந்தை முன்னால் கொண்டுபோனதில் குறையே இல்லை. முடிக்கத்தான் ஜார்ஜியா டிஃபன்ஸ் விடவில்லை. பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், மூன்றுதான். முதல் பாதியில் அலபாமாவுக்குக் கிடைத்தது மூன்று ஃபீல்டு கோல், அவ்வளவே. மூன்றாவது குவார்ட்டரில் இன்னொரு உதையை ஜார்ஜியாவின் ஜேலன் கார்ட்டர் தடுத்துவிட்டார். கடைசி குவார்ட்டரில் கோல் கோட்டுக்குச் சில யார்டு இருக்கும்போதும் மூன்று புள்ளியோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் ஐந்து வாரம் முன்பு அட்லாண்டாவில் இதே அலபாமா 41-24 என்று ஜார்ஜியாவைப் புரட்டி எடுத்திருந்தது. அன்று அலபாமாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார். ஜார்ஜியாவால் அவரை ஒரு முறைகூட சாக் செய்ய, அதாவது எறிவதற்குள் மடக்கி வீழ்த்த, முடியவில்லை. ஃபைனலில் அதே ஜார்ஜியா நான்கு சாக் செய்தது, அவர் எறிந்த பந்தை இரண்டு முறை நடுவில் பறித்தது (இன்டர்செப்ஷன்). எறியும் பந்தைப் பிடிக்கும் அலபாமாவின் முக்கிய ரிசீவர்கள் மெட்சி, ஜேம்ஸன் வில்லியம்ஸ் இருவரும் காயத்தில் போனது பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் யங்குக்கு நிதானமாக நின்று எறிய நேரமே கொடுக்காதது அந்த டிஃபன்ஸ்.

டிஃபன்ஸ் மட்டுமே போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமுக்குள் வந்த பையன். கடைசி குவார்ட்டரில் அவர் பந்தை நழுவவிட்டார், அதை வைத்து அலபாமா 18-13 என்று முந்தியது. அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் அடோனாய் மிட்செலுக்கு 40 யார்டு டச்டவுன் எறிந்தார், அதன்பின் பிராக் பவர்ஸுக்கு இன்னொன்று. யங் 57 முறை எறிந்து 369 யார்டு, பென்னட் 26 முறை எறிந்து 224. ஒரு வீச்சுக்கு ஆறரை யார்டு எங்கே, எட்டரை யார்டு எங்கே! நான் திறமை என்று மதிப்பது இதைத்தான்.

ஒரு நிமிடம் சொச்சம் மீதி, 26-18. யங் எறிந்த பந்தை ஜார்ஜியாவின் கீலி ரிங்கோ பறித்துக்கொண்டு 79 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 1980க்குப் பிறகு ஜார்ஜியாவின் முதல் தேசியப் பட்டத்தை உறுதி செய்த ஓட்டம் அது. எதிரணி எறிந்ததைப் பறித்து ஓடிய தூரம் யார்டுக் கணக்கில் வராது என்பதால், அந்த 364 யார்டில் இந்த 79 சேரவே இல்லை.