பையன்களை யார் மாற்றி வளர்ப்பது?

"என் பொண்ணை நான் பையன் மாதிரி வளர்க்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள், சிலம்பம் வகுப்பில் சேர்க்கிறார்கள், வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். மனசார வரவேற்கிறேன். ஆனால் "என் பையனைப் பொண்ணு மாதிரி வளர்க்கிறேன்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் ஆதங்கமே இதில்தான்.

ஆண் இப்படி, பெண் இப்படி என்று பிள்ளைகளை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்துவதில்லை. எந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே அது மனசில் ஏறிவிடுகிறது. சமீபத்தில் ஒரு உறவினர் வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், அவளுக்கு எட்டு. விருந்தாளி வந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாப்பா, மாமாவுக்குத் தண்ணி கொண்டு வா." அவள் போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். விளிம்புவரை நிறைந்த சொம்பை, தளும்பிவிடுமோ என்று அதையே பார்த்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "பொறுப்பான பொண்ணு" என்றார் மாமா. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரல் தன்னைக் கூப்பிடவில்லை என்று அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. எனக்கு உறுத்துவது அந்தப் பாராட்டுதான். திட்டி வாங்குகிற வேலையை ஒருநாள் பிள்ளை எதிர்த்துக் கேட்கும். பாராட்டிப் பழக்கியதை எப்படி எதிர்க்கும்?

பள்ளிக்கூடம் மட்டும் என்ன? ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும் சந்தனம் நீட்டவும் மாணவிகள். பெஞ்சு தூக்க, மைக் செட்காரரைக் கூட்டிவர மாணவர்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை, தன்னால் நடக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு, மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். அதில் ஆறு வயதிலிருந்தே கணக்கு எடுக்கிறார்கள். 2019-இல், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-இல் அது 289, 88. ஐந்து வருடத்தில் ஆண்கள் கொடுக்கும் நேரம் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

ஆண்களுக்கு இதெல்லாம் வராது என்ற பேச்சை நான் நம்பவே மாட்டேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் நம் ஊர் ஆண்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். மீன் குழம்பு ருசியாக வைப்பவர்கள் உண்டு. அவர்களில் எத்தனையோ பேர் லீவில் ஊருக்கு வந்தால் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். கை மறந்துவிட்டதா என்ன? வீட்டுக்குள் அது தன் வேலை இல்லை என்று சின்ன வயதிலேயே பதிந்துபோனது.

இதில் பையன்களுக்கும் நஷ்டம்தான். கீழே விழுந்து முட்டி பேர்ந்த நாலு வயசுக் குழந்தையிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். வலிக்கிற குழந்தைக்கு அழக்கூட உரிமையில்லையா? மனைவி போனபிறகு, ஒரு டம்ளர் காபிக்கு மருமகள் எப்போது எழுந்திருப்பாள் என்று காத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

உடனே, "அம்மாக்கள்தானே இப்படி வளர்க்கிறார்கள்" என்று கிளம்பிவிடுவார்கள். அம்மா தனியாக என்ன செய்ய முடியும்? அவள் பையனைப் பாத்திரம் கழுவச் சொன்னால், "ஆம்பளப் பிள்ளைய ஏம்மா அடுப்படிக்கு இழுக்கிற" என்று பாட்டி வருவார். அந்த நேரத்தில் அப்பா எழுந்துபோய்ப் பையன் பக்கத்தில் நின்று இரண்டு தட்டைக் கழுவலாம். எத்தனை அப்பாக்கள் எழுந்திருக்கிறோம்?