துராமின் வீடியோவை ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஓட்டுங்கள்

பிரான்ஸ் கால்பந்து டிஃபெண்டர் லிலியன் துராம் என்றாலே எல்லோரும் பகிர்வது ஒரே வீடியோவைத்தான். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக அவர் அடித்த இரண்டு கோல்கள். பிரான்சுக்காக 142 ஆட்டங்கள் ஆடியவர் மொத்தமாக அடித்ததே இந்த இரண்டுதான், அதுவும் ஒரே இரவில். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோ எப்போதும் 47-வது நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதில்தான் எனக்கு வருத்தம்.

நேற்று இரவு அந்த ஆட்டத்தை முழுசாக மறுபடி பார்த்தேன். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சில நொடிகள். பிரான்சின் டிஃபெண்டர்கள் பிளாங்கும் தெசாயியும் மேலே ஏறி நிற்கிறார்கள். குரோஷியாவின் ஷூக்கர் ஆஃப்சைடில் மாட்ட வேண்டும், அதாவது பாஸ் வரும்போது டிஃபெண்டர்கள் எல்லோரையும் தாண்டி அவர் நின்றால் கோல் செல்லாது, அதுதான் கணக்கு. வலது பக்கத்தில் துராம் மட்டும் ஏறாமல் பின்னால் நின்றுவிடுகிறார். அசனோவிச் நடுவில் பாஸை நுழைக்கிறார், ஷூக்கர் ஓடிப்போய் கோலாக்குகிறார். ஆஃப்சைடு என்று காட்டும் துணை நடுவரின் கொடி ஏறவே இல்லை. ஏறவும் முடியாது, ஏனென்றால் துராம் அங்கே நிற்கிறார்.

அந்த உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஏழு ஆட்டம் ஆடி வாங்கியது இரண்டே கோல்கள். ஒன்று டென்மார்க் அடித்த பெனால்டி. இன்னொன்று இது. அதாவது, ஆட்ட ஓட்டத்தில் அந்த அணி வாங்கிய ஒரே கோலுக்குக் காரணம் துராம். சொந்த நாட்டில், செயின்ட் டெனி மைதானத்தில், அரையிறுதியில்!

அப்புறம் என்ன செய்தார் என்பதைத்தான் கவனித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. குரோஷியாவின் கேப்டன் போபான் தன் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதிக்கிறார். ரைட் பேக் ஆடுகிறவருக்கு அங்கே வேலையே கிடையாது. துராம் பாய்ந்து போய்ப் பந்தைப் பிடுங்குகிறார், சக வீரர் ஜோர்காயெஃபிடம் தருகிறார், திரும்ப வாங்கி அடிக்கிறார், கோல். செய்த தவறை ஒரே நிமிடத்தில் தானே போய்ச் சரிசெய்துவிட்டார். 70-வது நிமிடத்தில் இடது காலால் வளைத்து அடித்தது இரண்டாவது. அடித்த கையோடு முழங்காலிட்டு, விரலை உதட்டில் வைத்து, ஏதோ யோசிக்கிறவர் மாதிரி உட்கார்ந்தாரே, அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. முதல் கோலுக்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

டிஃபெண்டரின் பிழைப்பே இப்படித்தான். ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணடித்து ஒன்றை அடித்தால் கொண்டாடுவோம். டிஃபெண்டர் தொண்ணூறு நிமிடம் சரியாக நின்று ஒரு தடவை தவறினால் அதைத்தான் பேசுவோம். துராம், பிளாங், தெசாயி, லிசராசு. இந்த நால்வரும் சேர்ந்து முதல் பதினொன்றில் இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரான்ஸ் தோற்றதில்லை. 1998 உலகக் கோப்பையும் 2000 யூரோ கோப்பையும் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று வாங்கியவைதான். இதற்கு வீடியோ போட முடியாது. நடக்காமல் போன கோல்களை எப்படிப் படம் பிடிப்பது?

மொனாக்கோ கிளப்பில் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கரிடம் வளர்ந்தவர் துராம். 1996-இல் இத்தாலிய கிளப்பான பார்மாவுக்குப் போனார். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அங்கேதான். பின்னால் கோல்கீப்பர் பஃபோன், பக்கத்தில் டிஃபெண்டர் கன்னவாரோ. 1999-இல் இத்தாலியக் கோப்பை, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் வென்றார்கள். மாஸ்கோவில் நடந்த யூஈஎஃப்ஏ இறுதியாட்டத்தில் மார்செய் அணிக்கு ஆடிய பிளாங் தலையால் பின்னுக்குத் தள்ளிய பந்து எட்டாமல் போக, கிரெஸ்போ அதை எடுத்து முதல் கோலை அடித்தார். பிளாங் மாதிரி ஆளுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அதனால்தான் டிஃபெண்டர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும் என்கிறேன்.

2001-இல் துராமையும் பஃபோனையும் இன்னொரு இத்தாலிய கிளப்பான ஜுவென்டஸ் ஒரே கோடையில் வாங்கியது. 2002, 2003 லீக் பட்டங்கள். அடுத்து வென்ற இரண்டும் முறைகேடு வழக்கில் பறிபோயின, அணியையும் கீழ் டிவிஷனுக்கு இறக்கினார்கள், துராம் பார்சிலோனாவுக்குப் போனார். அதே 2006-இல், 34 வயதில், தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவராக, பெர்லினில் உலகக் கோப்பை இறுதி வரை போனார். எதிரணியான இத்தாலியில் அதே பஃபோன், அதே கன்னவாரோ. பெனால்டியில் தோற்றார்கள்.

மைதானத்துக்கு வெளியே அவர் பேசியதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். 'ஆட்டக்காரன் ஆடினால் போதாதா' என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. துராம் பிறந்தது குவாதலூப் தீவில். (புதுச்சேரி, காரைக்காலிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் இன்றும் இருக்கும் தீவு அது.) அம்மா முதலில் தனியாகப் பாரிஸ் பக்கம் போய்த் துப்புரவு வேலை பார்த்து, பிறகு ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பையன் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். டிவி கார்ட்டூனில் வரும் முட்டாள் கறுப்புப் பசுவின் பெயரைச் சொல்லி மற்ற பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அன்றுதான் தான் கறுப்பன் என்பதே தனக்குத் தெரிந்தது என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு பந்தை மட்டும் உதைக்க வேண்டுமா?

2005-இல் பிரான்சின் புறநகர்கள் கலவரத்தில் பற்றி எரிந்தபோது, உள்துறை அமைச்சராக இருந்த சர்கோசி அங்குள்ள இளைஞர்களைப் பற்றிச் சொன்ன இழிவான வார்த்தையை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசினார், தானும் அப்படிப்பட்ட குடியிருப்பில் வளர்ந்தவன் என்று. அடுத்த ஆண்டு கஷான் என்ற இடத்தில் வீடில்லாமல் தங்கியிருந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியது. துராமும் சக வீரர் வியெராவும் அந்த மக்களை இத்தாலிக்கு எதிரான ஆட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். தேசிய அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஓய்வுக்குப் பின் அவர் சொன்ன சில வாக்கியங்கள், குறிப்பாக 2019-இல் வெள்ளையர்களைப் பற்றிப் பேசியது, பொத்தாம்பொதுவாக இருந்தன என்று நானும் நினைக்கிறேன். அதற்காக அவர் எழுப்பிய கேள்வி தப்பாகிவிடாது.

2008-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் அணியில் சேரப்போனபோது செய்த பரிசோதனையில் இதயத்தில் கோளாறு தெரிந்தது. அவருடைய சகோதரர் ஒருவர் பாஸ்கெட்பால் ஆடும்போது இறந்ததும் இதயக் கோளாறால்தான். துராம் அதோடு நிறுத்திக்கொண்டார். அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மூத்த மகனுக்குக் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பெயர், இளையவனுக்கு எகிப்திய மன்னன் கெஃப்ரெனின் பெயர். இருவருமே பிரான்சுக்கு ஆடுகிறார்கள், ஆனால் ஒருவர் ஃபார்வர்டு, இன்னொருவர் மிட்ஃபீல்டர். அப்பாவின் இடத்துக்கு இருவருமே போகவில்லை.

அடுத்த ஜூலை 8 அன்று யாராவது அந்த வீடியோவைப் போடுவீர்கள். தயவுசெய்து ஷூக்கரின் கோலிலிருந்து போடுங்கள். வலது பக்கம் தனியாகப் பின்னால் நிற்கிறவரைப் பாருங்கள். முதுகில் 15.