ஜே-ஸீயின் குரல் திருடியதல்ல

ராப் பாடகர் ஜே-ஸீயின் 'தி பிளாக் ஆல்பம்' குரலையும் பீட்டில்ஸ் இசையையும் கலந்து இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் 2004இல் செய்த 'தி கிரே ஆல்பம்' பற்றி ஒருவர், அதிலுள்ள ஜே-ஸீயின் குரல் ஸ்டுடியோவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்தது என்கிறார். அப்படியில்லைங்க. இசையே இல்லாமல் வெறும் குரல் மட்டும் உள்ள 'தி பிளாக் ஆல்பம்' பதிப்பை அவருடைய நிறுவனமே இசைத்தட்டாக விற்றது, யார் வேண்டுமானாலும் ரீமிக்ஸ் (வேறு இசையோடு மறுகலவை) செய்து பார்க்கட்டும் என்றுதான். அனுமதி இல்லாமல் எடுத்தது பீட்டில்ஸ் பக்கத்து இசை. பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியதும் அதற்காகத்தான். சந்தேகம் இருந்தால் இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் 'தி பிளாக் ஆல்பம்' பெயரோடு அகபெல்லா (வெறும் குரல்) என்று சேர்த்துத் தேடி, தட்டின் நடு லேபிளில் ஜே-ஸீயின் நிறுவனமான ராக்-அ-ஃபெல்லா பெயர் இருக்கிறதா பாருங்கள். மற்றபடி பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டின் கிட்டாரை நறுக்கிப் போட்டு அதன்மேல் ஜே-ஸீயின் '99 ப்ராப்ளம்ஸ்' ஓடுகிற இடம் இருக்கிறதே, இன்னும் சலிக்கவில்லை எனக்கு.