பட்டினி போட்டால் புற்றுக்கட்டி சாகுமா?

“புற்றுநோய் வந்தவருக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள், பட்டினி கிடந்தால் கட்டி தானாகச் செத்துவிடும்” என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

சாப்பாடு குறைந்தால் கரைவது நோயாளியின் தசைதான். உடல் அந்தத் தசையைச் சிதைக்கும், கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும், கட்டிக்கு அது போய்ச் சேரும். போதாக்குறைக்கு, புற்றுநோய் கிளப்பும் அழற்சியே பசியை அடக்கித் தசையை உருக்குகிறது. இதைக் கேகெக்சியா என்கிறார்கள். 6 மாதத்தில் தானாகவே 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைவது இதன் முக்கிய அடையாளம். அதாவது, 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே இறங்குவது. மோதிரம் கழன்று விழும், நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டிவரும். கீமோவைத் தாங்கும் சக்தியும் குறையும்.

அதற்காகத் தட்டு நிறைய வைத்து வற்புறுத்தாதீர்கள். பசியில்லை என்பது அவருடைய பிடிவாதம் இல்லை, பாவம். முட்டை, மீன், தயிர், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். முடிந்த அளவு நடக்கட்டும்.

பசியையும் எடையையும் கூட்ட மருந்தும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரின் ஆய்வு 2023-இல் வெளியானது. கீமோவோடு தினமும் 2.5 மில்லிகிராம் ஓலன்சபைன் (மனநோய்க்குத் தரப்படும் ஒரு மாத்திரை) எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கே அப்படி. தூக்கம் வரவைக்கும் மருந்து என்பதால் கடையில் நேராக வாங்கக் கூடாது. வாராவாரம் எடையைக் குறித்துக்கொண்டு போய், புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.